ஒக்சிசனோட கலியாணவீடு, நல்லூர்த் திருவிழா: சிலிண்டர் கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

கோண்டாவில்_பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, சிஓபிடி எண்ட நாட்பட்ட நுரையீரல் அடைப்பு வருத்தம். இருக்கேக்க நிமிடத்துக்கு 1 லீற்றர், நடக்கேக்க 2 லீற்றர் எண்டு கிளினிக்கில எழுதித் தந்திருக்கினம். விரலில மாட்டுற ஒக்சிமீற்றர் காட்டுற இரத்த ஒக்சிசன் அளவு 88க்கும் 92க்கும் இடையில நிக்க வேணுமாம். வீட்டில காற்றில இருந்து ஒக்சிசன் பிரிச்சுத் தாற 5 லீற்றர் கொன்சன்ட்ரேற்றர் மெஷின் ஓடுது. வெளிய கொண்டுபோக இரும்புச் சிலிண்டர் ஒண்டு இருக்கு, கழுத்தில 4.6 லீற்றர் எண்டு அடிச்சிருக்கு.

வாற மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஹோலில நெருங்கின சொந்தத்தில கலியாணம். அதுக்குப் பிறகு நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேற்றம். இது ரெண்டும் இல்லாட்டியும் பின்னேரத்தில வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பர் பார்த்துக் கதைச்சிட்டு வாற பழக்கம் அவருக்கு. சொந்தக்காரர் எல்லாம் "அவரை ஏன் அலைக்கழிக்கிறியள், வீட்டில இருக்கட்டும்" எண்டுகினம். அவருக்குப் போக விருப்பம்.

சிலிண்டர் எவ்வளவு நேரத்துக்குக் காணும்? தோளில கொழுவுற சின்ன பற்றறி மெஷின் வாங்கலாமோ? கோயிலில கற்பூரம் எரியேக்க என்ன செய்யிறது?

பழைய_பயோமெடிக்கல்:

தங்கச்சி, முதல் கணக்கைப் பாப்பம். கழுத்தில அடிச்சிருக்கிற 4.6 எண்டது அந்தப் போத்தல் எவ்வளவு தண்ணி கொள்ளும் எண்ட அளவு, உள்ளுக்கு இருக்கிற வாயுவின்ர அளவில்லை. அதை, போத்தல் வாயில கொழுவுற றெகுலேற்றரின்ர அமுக்க மணிக்கூடு காட்டுற பார் அளவால பெருக்க வேணும். முழுசா நிரப்பினா 137 பார் அளவில நிக்கும். 4.6 ஐ 137 ஆல பெருக்கினா 630 லீற்றர். மணிக்கூட்டில பிஎஸ்ஐ மட்டும் இருந்தா 2000 எண்டதைக் கிட்டத்தட்ட 138 பார் எண்டு எடுங்கோ.

கலியாணவீட்டில 4 மணித்தியாலம் எண்டு வைப்பம். 3 மணித்தியாலம் இருக்கை, 1 லீற்றர்ப்படி 180. ஒரு மணித்தியாலம் நடை, 2 லீற்றர்ப்படி 120. ஆக 300 லீற்றர். முழுப் போத்தலில பாதிகூட முடியாது. ஆனா இதில ஒரு பிசகு அடிக்கடி நடக்கிறது: போன முறை பாவிச்ச மிச்சத்தோட, "பாதி கிடக்குத்தானே" எண்டு தூக்கிக்கொண்டு போறது. 70 பாரில 322 லீற்றர்தான். சாப்பாடு அரை மணித்தியாலம் பிந்தினா வாகனத்துக்கு வரேக்க மணிக்கூடு சிவப்பில நிக்கும். எப்பவும் கால்வாசியை இல்லாத மாதிரி நினைச்சுக் கணக்குப் போடுங்கோ.

நல்லூருக்கு இந்தப் போத்தல் சரிவராது. றெகுலேற்றரோட தூக்கினா ஆறேழு கிலோ வரும். சில்லு வைச்ச தள்ளுவண்டியில இழுக்கலாம் எண்டுதான் எல்லாரும் நினைப்பினம், வீதியில பரவியிருக்கிற மணலில சில்லு புதையும். அங்க 2 லீற்றர்ப் போத்தலை முதுகுப்பையில வேற ஒராள் கொழுவிக்கொண்டு பக்கத்தில நடக்கிறதுதான் வழி. 2 ஐ 137 ஆல பெருக்க 274 லீற்றர்; 2 லீற்றரில ஓடவிட்டா 137 நிமிடம்; கால்வாசியைக் கழிச்சா 100 நிமிடத்துக்கு மேல நம்பாதையுங்கோ.

ஈரப்பதன் போத்தலை வெளிய கொண்டுபோக வேண்டாம். 4 லீற்றருக்குக் கீழ பெரும்பாலும் அது தேவைப்படாது, சரிஞ்சா தண்ணி ரியூப்புக்க போய்ப் பொளபொளக்கும்.

வாகனத்தில முன்சீற்றுக்குப் பின்னால நிமிர்த்தி வைச்சு பெல்ற் போட்டு இறுக்குங்கோ. ஓட்டோ எண்டா காலடியில குறுக்கால படுக்கவைச்சு உருளாமல் பையால அணைகுடுங்கோ, வால்வு முனை ஆளின்ர காலால உதைபடாத பக்கம் இருக்கட்டும். வெயிலில பூட்டின காருக்க விட்டிட்டுப் போகக்கூடாது. பாவிக்காத நேரம் சாவியால வால்வைப் பூட்டி, றெகுலேற்றருக்க நிக்கிற காற்றைத் திறந்துவிட்டு முள்ளு பூச்சியத்துக்கு வாறதைப் பாருங்கோ.

நிரப்பக் குடுக்கேக்க மருத்துவ ஒக்சிசன் நிரப்பிற இடமா எண்டு கேளுங்கோ. ஒட்டுவேலைக்கு நிரப்பிற இடத்தில மலிவாக் கிடைக்கும் எண்டு போகாதையுங்கோ. அந்த வரிசையில வேற வேலைக்கு ஓடின போத்தலும் நிக்கும்.

சுன்னாகம்_சந்தி:

பயோமெடிக்கல் அண்ணை, அந்தத் தோளில கொழுவுற மெஷினைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அதில 2 இல வைச்சா 2 லீற்றர்தானே வரும்? பிறகேன் இந்த இரும்பைத் தூக்கிச் சுமக்கிறது?

பழைய_பயோமெடிக்கல்:

இல்லைத் தம்பி, ஆக்கள் கூடுதலா ஏமாறுறது உதிலதான். ரெண்டு ரெண்டரைக் கிலோ மெஷின்கள் தொடர்ச்சியா ஊதுறேல்லை. மூக்கால மூச்சை உள்ள இழுக்கத் தொடங்கிறதை உணர்ந்து அந்த நேரம் மட்டும் ஒரு சின்னப் பொட்டலம் விடும். 2 எண்ட இலக்கம் அந்தப் பொட்டலத்தின்ர படி, லீற்றர் இல்லை. பல மெஷினில 2 இல வைச்சா நிமிடத்துக்கு மொத்தமா 400 மில்லிலீற்றர் அளவிலதான் வரும். மூச்சு இழுக்கிற முதல் பகுதியிலேயே போய்ச் சேருறதால அது கன பேருக்குக் காணும், எல்லாருக்கும் காணாது. கன மெஷினில நிமிட அளவு மாறாது, அதனால வேகமா மூச்சு வாங்கேக்க ஒவ்வொரு பொட்டலமும் சின்னனாகும். தேவை கூடுற நேரத்திலதான் அது குறையுது.

இன்னொண்டு, வாயால மூச்சு எடுத்தா மெஷினுக்குத் தெரியாது. சாப்பிடேக்க, கதைக்கேக்க, ஏறி இறங்கேக்க எல்லாரும் வாயால்தான் இழுப்பினம். டொக்டர் பாத்துச் சொல்லாமல் நித்திரையிலும் பாவிக்கப்படாது. வாங்க முதல் ஒரு நாளைக்கு வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்து, அதைப் போட்டுக்கொண்டு நடக்கவைச்சு, விரலில அளவு பாத்திட்டுக் காசைக் குடுங்கோ. இதுக்கு மட்டும் கடைக்காரரின்ர சொல்லை நம்பவேண்டாம்.

கரண்ட் விசயமும் சொல்லவேணும். வீட்டு மெஷின் 350 வாற் அளவில இழுக்கும். 12 வோல்ற் 100 அம்பியர் மணி பற்றறி எண்டா கணக்கில 1200 வாற் மணி, ஆனா லெட் அசிட் பற்றறியைப் பாதிக்குக் கீழ இறக்கினா கெதியாச் செத்துப்போம். இன்வேட்டர் தின்னுறதையும் கழிச்சா 500 வாற் மணி மிஞ்சும், அதாவது ஒண்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. இன்வேட்டர் சுத்த சைன் அலை வகையா இருக்கவேணும், மலிவானதில கொம்பிரசர் சூடேறி உறுமும். அதனால வெளிய போயிட்டு வாற நாளில வீட்டில ஒரு போத்தல் முழுசா நிக்கவேணும். களைச்சு வரேக்க கரண்ட் போய்க் கிடந்தா அதுதான் கை குடுக்கும்.

மூச்சுப்பயிற்சி_டெஸ்க்:

உபகரணத்தைப் பற்றி நல்லாச் சொல்லியாச்சு. நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே வீட்டில் ஒத்திகை பாருங்கள். ஐந்து நிமிடம் இருந்து அளவை எழுதுங்கள். பிறகு வெளியே போகும்போது போடுகிற அதே சிலிண்டர், அதே 2 லீற்றர், அதே செருப்போடு ஆறு நிமிடம் முற்றத்தில் நடக்கட்டும். நிறுத்தின பிறகும் ஒரு நிமிடம் விரலில் இருந்து ஒக்சிமீற்றரைக் கழற்ற வேண்டாம். விரலுக்கு வருகிற அளவு அரை நிமிடமளவு பிந்தித்தான் வரும், ஆகக்குறைந்த இலக்கம் நின்ற பிறகுதான் தெரியும். அது 88க்குக் கீழே போனால் எவ்வளவு தூரத்தில் போனது என்று எழுதி கிளினிக்கில் காட்டுங்கள்.

மருதோன்றி, நகப்பூச்சு, ஏசி ஹோலில் குளிர்ந்த விரல் எல்லாம் அளவைக் குழப்பும். எங்கள் நிறத் தோலில் இந்தக் கருவி உண்மையை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும், ஆகையால் 88 என்று காட்டினால் 88 என்றே அடித்துச் சொல்ல முடியாது. இலக்கத்தோடு முகத்தையும் பாருங்கள்.

நடக்கும்போது இரண்டு எட்டுக்கு மூக்கால் உள்ளே, நாலு எட்டுக்கு உதட்டைக் குவித்து வெளியே. பாயசத்தை ஆற்ற ஊதுகிற மாதிரி மெதுவாக; பலூன் ஊதுகிற மாதிரி இல்லை. படி ஏறும்போது வெளியே விடுகிற நேரம்தான் கால் எடுத்து வைக்க வேண்டும். நின்று உள்ளே எடு, விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறு, திரும்ப நில். பெரும்பாலானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஏறி, மேல்படியில் கைபிடியைப் பிடித்தபடி பேச முடியாமல் நிற்பார்கள். சாப்பாட்டு மண்டபம் மேல்மாடியா என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மாடி என்றால் ஒரு பிளேற் சாப்பாட்டைக் கீழே கொண்டுவரச் சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

இளைப்பு வந்தால் கதிரையில் குனிந்து, முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றி, தோளைத் தளர விடட்டும். நின்றுகொண்டிருந்தால் சுவரிலோ மேசையிலோ முன்னுக்குச் சாய்ந்து ஊன்றலாம். சுற்றி நிற்கிறவர்கள் விசிறுங்கள், கேள்வி கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே படுகிற காற்று இளைப்பு உணர்வைக் குறைக்கும். கேள்விக்குப் பதில் சொல்ல மூச்சு வேண்டும்.

சாப்பாடு. வயிறு முட்டினால் உதரவிதானம் கீழே இறங்க இடம் இல்லை. கலியாணப் பந்தியில் வாழையிலை நிறையப் போடுவார்கள், வற்புறுத்துவார்கள். வீட்டில் ஒரு சின்னச் சாப்பாடு முடித்துவிட்டு, அங்கே பாதி. சோடா வேண்டாம். மூக்குக் குழாயைப் போட்டபடியே சாப்பிடலாம், கழற்றத் தேவையில்லை. அவருக்குத் தேவைக்கு அடிக்கிற இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், வெளிக்கிட 15, 20 நிமிடத்துக்கு முன் ஸ்பேசரோடு (மருந்தைப் பிடித்து வைக்கிற கூடு) எடுக்கட்டும், சட்டைப் பையிலும் ஒன்று இருக்கட்டும்.

அளவெட்டி_வடக்கு:

மூச்சு வாங்கினா உந்த லீற்றர்க் குமிழை 4க்கோ 5க்கோ திருப்பினா போச்சு. அதுக்கு ஏன் இவ்வளவு கதை?

மூச்சுப்பயிற்சி_டெஸ்க்:

அதைத்தான் செய்யக்கூடாது. சிஓபிடி உள்ள சிலருக்குக் காபனீரொட்சைட் உடம்பில் தேங்கும். எழுதிக் கொடுத்ததுக்கு மேல் ஒக்சிசன் கொடுத்தால் அது இன்னும் கூடும். அளவு 97 காட்டும், பார்க்க நல்லாயிருக்கும், ஆள் மெல்ல மெல்ல மயக்கத்துக்குப் போவார். 88 முதல் 92 என்று மேல் எல்லையும் எழுதினது அதனால்தான். காலையில் தலையிடி, பகலில் தூங்கி விழுதல், நீட்டின கை பட்டுப்பட்டென்று உதறுதல் என்றால் உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும். நுரையீரல் தழும்பேறி இறுகுகிற நார்த்தடிப்பு வருத்தத்தில் கணக்கு வேறு. அவர்களுக்கு இருக்கும்போது 95 நின்று பத்து அடியில் 80க்கு விழும், நடைக்குக் கூடுதலாகவே எழுதுவார்கள். ஒருவருடைய குமிழை இன்னொருவர் பார்த்துத் திருப்ப முடியாது.

இன்னொன்று: இளைப்பும் ஒக்சிசன் குறைவும் ஒன்றல்ல. அளவு 91 நிற்கும்போது இளைத்தால் குமிழ் ஒன்றும் செய்யாது. இருந்து, ஊன்றி, ஊதி விடுவதுதான் மருந்து. ஐந்து, பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால், ஒரு வசனத்தை முடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், ஆள் குழம்பிப் பேசினால் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

தெற்குவாசல்:

கற்பூரத்துக்கு வாறன். ஒக்சிசன் தானா எரியாது, ஆனா பக்கத்தில எரியிற எதையும் பேயாட்டம் எரியவைக்கும். சேட்டு, வேட்டி, தாடி, தலைமயிர் எல்லாத்துக்கும் உள்ளால அது ஊறி நிக்கும். அதனால குழாயைக் கழட்டின கையோட தீபத்தைத் தொட்டுக் கண்ணில ஒத்தலாம் எண்டு நினைக்கவேண்டாம். பூட்டிக் கழட்டி, வெளிக்காற்றில அரை மணித்தியாலமாவது நிண்ட பிறகுதான் நெருப்புக் கிட்டப் போகலாம். அவ்வளவு நேரம் ஒக்சிசன் இல்லாமல் இருக்க டொக்டர் விட்டிருந்தாத்தான் அந்தக் கதையே. இல்லாட்டி, தீபத்தட்டோட வாறவர் அப்பாவிட்டக் கிட்ட வராமல், பிள்ளை போய்த் தொட்டு வந்து அவற்ற கண்ணில ஒத்திவிட்டாச் சரி. திறந்த நெருப்புக்கும் அவருக்கும் இடையில 3 மீற்றர் எண்டு மனசில வையுங்கோ.

நல்லூர் 25 நாள். எல்லா நாளும் ஒரே கூட்டமில்லை. சப்பறம், 24ஆம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம் எண்ட மூண்டையும் விட்டிட்டு, தொடக்கத்தில ஒரு சாதாரண கிழமை நாளில போங்கோ. தேரண்டைக்குக் கற்பூரச்சட்டி எடுக்கிற ஆக்கள் சனத்துக்குள்ள அருகருகா வருவினம், அதுக்குள்ள சிலிண்டரோட நிக்கிறது பக்தியில்லை, பயித்தியம். தேர் பாக்கவேணும் எண்டா தொலைக்காட்சி நேரலையை அவருக்குப் போட்டுவிடுங்கோ.

அந்தக் கோயில் மணிக்கூட்டுக்குப் பிசகாது எண்டது உங்களுக்கு ஒரு வசதி. பூசை நேரத்தைப் பாத்து, அதுக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்து, சுவாமி வெளிவீதி வரேக்க ஒரு மூலையில கதிரை போட்டு இருந்து கும்பிடலாம். உள்ள போகிறதெண்டா ஆம்பிளையள் சேட்டுக் கழட்டவேணும், பையின்ர பட்டி வெறுந்தோளில வேர்வையோட உரஞ்சும், ஒரு சால்வையை மடிச்சு அடியில வையுங்கோ. வீதித்தடை போட்டிருக்கிறதால வாகனம் தள்ளித்தான் நிக்கும். அந்தத் தூரத்தையும் 100 நிமிடக் கணக்குக்குள்ள சேருங்கோ, போக மட்டுமில்லை, திரும்பி வரவும்.

கலியாண ஹோலில ஐயர் ஓமம் வளர்க்கேக்க புகை மணவறைக்கு நேர முன்னால இருக்கிற சோபாவுக்குத்தான் வரும். அந்தச் சோபாவிலதான் பெரியவரைக் கொண்டுபோய் இருத்துவினம். மரியாதைதான், ஆனா வேண்டாம். பக்கவாட்டில நாலாம் அஞ்சாம் வரிசை, வாசலுக்கும் கழிப்பறைக்கும் கிட்ட. இப்ப மாப்பிள்ளை பொம்பிளை உள்ள வரேக்க புகை மெஷினும் பூவாணம் மாதிரிப் பொறி கக்கிற மெஷினும் வைக்கினம், அது எப்ப எங்க எண்டு அலங்காரக்காரரிட்ட முதல் நாளே கேட்டு வையுங்கோ.

முகத்துக்கு விக்ஸ், வாஸ்லின், தலைக்கு நல்லெண்ணெய் எல்லாம் அண்டைக்கு வேண்டாம். மூக்கு காய்ஞ்சா தண்ணி அடிப்படையில செய்த ஜெல் கிடைக்குது. சாம்பிராணி, நுளம்புத்திரி வீட்டிலயும் தூரத்தில.

பஞ்சபுராணம்:

வாசிகசாலையை ஒருத்தரும் தொடேல்லை. கலியாணமும் திருவிழாவும் வருசத்தில சில நாள், இது நாளாந்தம். ஆளின்ர மனசைக் காப்பாத்துறது இதுதான்.

நேரத்தைப் பாருங்கோ. அஞ்சு அஞ்சரைக்கு வளவு கூட்டி ஓலையும் குப்பையும் கொளுத்துவினம், அது ஒழுங்கையில படிஞ்சு நிக்கும். நாலு மணிக்குப் போய் அஞ்சுக்குள்ள திரும்பட்டும். சோளகம் வீசுற மாதங்களில புழுதி, அண்டைக்கு முகக்கவசம் குழாய்க்கு மேலால போடலாம். சுருட்டோ சிகரெட்டோ பத்திற ஆள் வந்தா அவர் வெளிய, அப்பா உள்ள. அதை அப்பா சொல்லத் தயங்குவார், வாசிகசாலைச் செயலாளரிட்ட நீங்கள் ஒருக்காச் சொல்லி, சுவரில ஒரு மட்டையில எழுதி ஒட்டச் சொல்லுங்கோ.

செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்கேலாது எங்கட ஊரில. உள்ள குத்துவிளக்கும் ஊதுபத்தியும், சனம் நெருக்கி நிக்கும். கிரியை தொடங்க முந்திப் போய், பந்தலுக்க வெளிய இருந்து, வீட்டுக்காரரை அங்க கூப்பிட்டுக் கதைச்சிட்டு வரட்டும். அதுவும் ஏலாட்டி அந்தியேட்டிக்குப் போகலாம்.

பாடுற பழக்கம் இருந்தா விடவேண்டாம். பஞ்சபுராணம் அஞ்சையும் ஒராள் பாடாமல் தேவாரத்தை அவருக்கு விடுங்கோ. வரியைப் பாதியில முறிச்சு, மூக்கால எடுத்து, மெல்ல நீட்டிப் பாடினா அதுவே ஊதிவிடுற பயிற்சி.

குழாயைப் பாத்துச் சனம் கேக்கும் எண்ட கூச்சம் கன பேரை வீட்டில இருத்துது. ரியூப்பைக் காதுக்குப் பின்னால எடுத்து முதுகுப்பக்கம் சேட்டுக்குள்ளால விட்டா முன்னுக்கு ஒண்டும் தொங்காது, பிள்ளையளும் தடக்கி விழாயினம். காதுமடல் புண்ணாகினா அந்த இடத்தில பஞ்சு சுத்துங்கோ.

கோண்டாவில்_பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. ஒத்திகை பாத்தம். இருக்கேக்க 92, ஆறு நிமிட நடையில 89, நிண்ட பிறகு 88. கிளினிக்குக்கு எழுதி வைச்சிருக்கு. ஒரு சந்தேகம், சிலிண்டர் வால்வைத் திறக்கேக்க றெகுலேற்றர் கொழுவின இடத்தில "ஸ்ஸ்" எண்டு மெல்லிசாச் சத்தம் வருது. இன்னும் இறுக்கவோ?

பழைய_பயோமெடிக்கல்:

இறுக்காதையுங்கோ. வால்வைப் பூட்டி, காற்றை வெளியேத்தி, றெகுலேற்றரைக் கழட்டிப் பாருங்கோ. ரெண்டு சின்ன ஊசிக்கு மேல, வாயு வாற துளையில ஒரு வாஷர் இருக்கும், நடுவில றப்பரோ பிளாஸ்ரிக்கோ சுத்திப் பித்தளை வளையம். அது இல்லாமல் இருக்கும், இல்லாட்டி நசிஞ்சு வெடிச்சிருக்கும், இல்லாட்டி பழையது ஒட்டியிருக்க அதுக்கு மேல புதுசு போட்டு ரெண்டாக்கிடக்கும். ஒண்டே ஒண்டு, புதுசாப் போட்டு, கையால இறுக்கிறது காணும். குறட்டால இறுக்கினா வாஷர் நசிஞ்சு திரும்ப ஒழுகும். கையில எண்ணெயோ கிறீசோ இருக்கக்கூடாது, ஒழுகுதெண்டு மசகு பூசவும் கூடாது, அந்த அமுக்கத்தில எண்ணெய் பத்தும்.

பிறகு வால்வை மெதுவா, நேரம் எடுத்துத் திறவுங்கோ, முள்ளு ஏறிறதைப் பாருங்கோ. முள்ளு ஏறினதும் வால்வைத் திரும்பப் பூட்டி, லீற்றர்க் குமிழைப் பூச்சியத்தில விட்டு ரெண்டு நிமிடம் பாருங்கோ. முள்ளு இறங்கினா இன்னும் ஒழுகுது. இறங்காமல் நிண்டா வெளிக்கிடலாம். வாஷர் ரெண்டு கூடுதலா வாங்கிப் பைச் சிப்புக்குள்ள போட்டு வையுங்கோ, சாவியையும் நூலால சிலிண்டர்க் கழுத்தில கட்டிவிடுங்கோ. கலியாணவீட்டில சாவி துலைஞ்சா, முழுப் போத்தலும் சும்மா இரும்புதான்.